பள்ளத்தில் விழாத கார்

மச்சான் தங்கவேலு, மாத்தளை கார் ஸ்டாண்டில் என்னோடு ஒரே தேத்தண்ணியைப் பாதி பாதியாகக் குடித்தவனே, என் தங்கை பாக்கியத்தின் புருஷனே, என் உயிருக்கு உயிரானவனே,

கடைசியாக எழுதிய அந்த வார்த்தையை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். மூன்று கிழமைக்கு முன்வரை அது உண்மையாகத்தான் இருந்தது.

நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. திவசத்துக்கு உன் படம் போட்டு ஒரு நினைவுத் தாள் அச்சடிக்க வேண்டும் என்று உன் மகன் செல்வம் நிற்கிறான். "மாமா, அப்பாவப் பத்தி ஒங்களவிட யாருக்குத் தெரியும்? அவருக்கே கடிதம் எழுதுற மாதிரி எழுதிக் குடுங்க" என்று வந்து கேட்டான். எழுதித் தருகிறேன் என்று பெருமையாகத் தலையாட்டினேன். அப்போது எனக்கு உன்னைப் பற்றித் தெரிந்தது பாதிதான் மச்சான். இப்போது மீதியும் தெரியும்.

முதலில் ஊர்ச் செய்தி. பாண் ரொட்டிக்கு விடிந்ததும் விடியாததுமாக வரிசையில் நிற்கிறோம். கோதுமை மா வந்தால் அரிசி இல்லை, அரிசி வந்தால் சீனி இல்லை. உன் மூத்த மகளுக்கு உக்குவளையில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். ரயில்வேயில் வேலை, தங்கமான பையன். எனக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. சித்திரை கழிந்ததும் நானும் என் வீட்டுக்காரியும் பிள்ளைகள் இருவரும் தலைமன்னாருக்கு ரயில் ஏற வேண்டும். அங்கிருந்து கப்பல். இரத்தோட்டைக்கு மேலே, தோட்டத்துக் கூலி லயத்தில், உன் வீட்டிலிருந்து மூன்று லயம் தள்ளிப் பிறந்தவன் நான். கண்ணால் கண்டிராத நாட்டுக்கு என்னைத் 'திருப்பி' அனுப்புகிறார்களாம். காகிதத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

நீ இருந்திருந்தால் ஸ்டேஷன்வரை வந்து கட்டிப்பிடித்து அழுதிருப்பாய். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இந்தத் தாளை மற்றவர்களும் படிப்பார்கள். ஆகவே உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், கோபிக்காதே. தோட்டத்தைவிட்டு டவுனுக்கு இறங்கி வந்த நாம் இருவரும் சேர்ந்து ஒரு பழைய கறுப்பு ஒஸ்டின் டென் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினோம். காரின் பதிவுப் புத்தகம் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. ஒரு கிழமை ஏழு நாளும் நீ, அடுத்த கிழமை நான். இடது பக்கக் கண்ணாடியை இறக்கும் கைப்பிடி உடைந்தபோது, தேத்தண்ணிக் கடைக் கரண்டி ஒன்றை வளைத்து நான் மாட்டிவிட்டேன். வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "சீனி கலக்கிக் குடிக்கலாம், ஏறுங்க" என்று நீ சொல்வாய். ஆட்களைப் பேசி ஏற்றுவதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. காருக்கு அடியில் படுப்பது என் வேலை.

அந்தக் காரில் பிரேக் என்பது பெடலில் இருந்து சக்கரத்துக்குப் போகும் இரும்புக் கம்பிகள்தாம். கம்பி கழலாமல் ஒரு பின்னைக் கோத்து, அந்தப் பின் விழாமல் அதன் ஓட்டையில் ஒரு சின்ன ஸ்பிளிட் பின்னைச் செருகிக் காலை விரித்துவிட வேண்டும். எல்லாரும் அதோடு எழும்பிவிடுவார்கள். எனக்கு மனம் ஆறாது. ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் மடக்கி, அதற்கு மேல் மெல்லிய செம்புக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்குவேன். பழைய டைனமோவில் இருந்து அந்தக் கம்பியை உருவி, அளவாக வெட்டிக் கொடுப்பவள் பாக்கியம். நீ பக்கத்தில் குந்திக்கொண்டு, "என்னடா மச்சான், பிரேக்குக்குத் தாலி கட்டுறியா? மூணாவது முடிச்சையும் போட்டுரு" என்பாய். நான் காருக்கு அடியில் கிடந்தபடி உன்னைத் திட்டுவேன்.

ஐப்பசி மழைக் காலம் அது. முதல் நாள்தான் நான் பிரேக் கம்பி முழுவதையும் கழற்றிப் பூட்டியிருந்தேன். மறுநாள் பல்லேகமவுக்கு வாடகை என்று நீ எடுத்துக்கொண்டு போனாய். பின்னேரம் ஒரு லொறியில் வந்து இறங்கினாய். சட்டை கிழிந்திருந்தது. முழங்கையில் தோல் உரிந்து இரத்தம். நான் ஓடி வந்து பிடித்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"பிரேக் கம்பி கழண்டுருச்சு மச்சான். மிதிக்கிறேன், மிதிக்கிறேன், பெடல் பலகையோட ஒட்டிக்கிச்சு. குதிச்சிட்டேன். காரு பள்ளத்துல போயிருச்சு."

ரிவர்ஸ்டன் வளைவுக்கு அந்தப் பக்கம் என்றாய். போலீஸ்காரர்கள் இருவர் போய் எட்டிப் பார்த்தார்கள். கீழே மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பள்ளத்தில் யார் இறங்குவது? ஏறிய ஆட்களை முதலிலேயே இறக்கிவிட்டேன் என்றாய், யாரும் மேலே கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் நான். நான் எந்த முகத்தோடு கேட்பேன்? கம்பியைப் பூட்டியவனே நான்தானே. "வுடு மச்சான், உயிர் பொழைச்சேனே, அது போதும்" என்று என் முதுகைத் தட்டிக் கொடுத்தாய். உன் காலில் விழாத குறையாக நான் அழுதேன்.

அன்றைக்குப் பிறகு நான் ஸ்பேனரைத் தொட்டதில்லை. சாமான் பையைக் கேட்டவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மிளகு கொக்கோ வாங்கும் கடையில் தராசுக்காரனாகப் போய் நின்றேன். பஸ் ஏறினால்கூட டிரைவர் பிரேக் பிடிக்கும்போது என் காலும் பலகையை அழுத்தி மிதிக்கும். கார் ஸ்டாண்டில் என்னைக் கண்டால், "முத்தையா அண்ணே, நம்ம வண்டிய மட்டும் தொட்டுராதீங்க" என்று கேலி பேசுவார்கள். நீ அவர்களோடு சண்டைக்குப் போவாய். ஒருவனை அடித்தே விட்டாய். எனக்காக அடிக்க ஒரு ஆள் இருக்கிறான் என்று நான் உருகிப் போனேன்.

உன் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தாளே என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். மாசித் திருவிழாவில் வருடம் தவறாமல் காவடி எடுத்தேன். பதினெட்டு வருடம். தார் ரோடு கொதிக்கும். நீ பக்கத்திலேயே குடத்தோடு நடந்து வந்து என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவாய். எப்படி மச்சான் ஊற்றினாய்? என் முதுகில் காவடி முள்ளைக் குத்தும்போது நீ கண்ணை மூடிக்கொள்வாயே, பாசத்தில் என்றுதானே நான் நினைத்தேன்?

இனி ஒரு கடிதத்தின் கதை. இந்த நாட்டுக் குடிமகன் என்ற பிரஜாவுரிமைக்கு நாம் இரண்டு பேரும் மனுப் போட்டிருந்தோம். இந்த நாட்டில்தான் இடைவிடாமல் இருந்தோம் என்று காட்ட வேண்டும். நம்முடைய ஆட்களுக்கு அதற்கு என்ன இருக்கிறது? தோட்டத்துப் பேரேடுதான். அதைக் கறையான் தின்றுவிட்டது என்றார்கள். அப்புறம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மனம் வைத்து, இவன் இங்கேயே இருந்தவன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. இரண்டு தரம் மலையேறிப் போய்ப் பங்களா வாசலில் நின்று திரும்பினேன். கார் போன அடுத்த மாதம் உனக்குக் கடிதம் கிடைத்தது. செத்துப் பிழைத்த ஆள் என்று துரை இரங்கினார் என்றாய். "எனக்கும் கேட்டியா மச்சான்?" என்றேன். "கேட்டேன். ஒன்னுக்கு மேல தர மாட்டேன்னுட்டாரு" என்றாய். சரி, உனக்காவது கிடைத்ததே, என் தங்கைக்கும் சேர்த்துத்தானே என்று கோயிலில் தேங்காய் உடைத்தேன். என் மனுவைத் தள்ளிவிட்டார்கள். இன்றைக்கு நான் கப்பல் ஏறப் போவது அதனால்தான்.

மூன்று கிழமைக்கு முன் ஒரு வியாழக்கிழமை, கொக்கோ ஏற்ற முதலாளி என்னை லொறியில் நாம் பிறந்த அந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார். தோட்டத்தை இப்போது அரசாங்கம் எடுத்துவிட்டது. பூட்டிக் கிடந்த துரை பங்களாவைத் தோட்ட ஆபீஸாக, கந்தோராக்கப் போகிறார்கள். பின்பக்கத்து கராஜைத் துப்புரவாக்க இரண்டு பேர் கத்தியோடு நின்றார்கள். கராஜ் என்று சொன்னால்தான் தெரியும். மாணாப் புல்லும் முள்ளுச் செடியும் கூரைவரை ஏறி, தகரத்தின் மேல் மிளகுக் கொடி படர்ந்து காய்த்தும் இருந்தது. புதிதாக வந்த சிங்கள அதிகாரி, இளம் பையன், "கார் வேலை தெரிந்த யாராவது இருக்கிறீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். லொறி டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தான். "தெரியாது மாத்தயா, நான் தராசுக்காரன்" என்றேன்.

கதவைப் பெயர்த்து எடுத்தபோது வௌவால் வாடை முகத்தில் அடித்தது. உள்ளே மூன்று கார்கள். முதலாவது துரையின் பெரிய கார், சீட்டு முழுக்க எலிக் கூடு. அடுத்தது மேல்மூடி இல்லாதது. அதன் அடிப்பலகையைப் பிளந்துகொண்டு ஒரு பலாக் கன்று முளைத்து, வெளிச்சத்தைத் தேடி வளைந்து நின்றது. மூன்றாவது சின்னக் கார், சுவரோடு ஒட்டி, தூசியில் என்ன நிறமென்றே தெரியவில்லை. சும்மா பார்ப்போம் என்று இடது பக்கம் போய்க் கண்ணாடியைக் கையால் துடைத்தேன்.

கரண்டி.

மச்சான், கொஞ்ச நேரம் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? யாரோ பள்ளத்தில் இறங்கி அதை மேலே தூக்கி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்! அப்போதும் உன்னைச் சந்தேகப்படவில்லை. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு நசுங்கல் இல்லை. ஒரு கீறல் இல்லை. டயர் காற்றிறங்கி மண்ணில் குந்தியிருந்தது, அவ்வளவுதான். பாக்கியம் தைத்துப் போட்ட பச்சைச் சீட்டு உறை பூஞ்சணம் பிடித்து அப்படியே கிடந்தது.

பங்களாவில் அந்தக் காலத்தில் சமையல் செய்த பெருமாள், வயதாகிப்போய் இப்போது அங்கேயே காவலுக்கு இருக்கிறார். கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். "யாரு, மூணாவது லயத்துக் கருப்பண்ணன் மகன் முத்தையாவா?" என்றார்.

"ஆமாங்க. இந்தக் காரு எப்படிங்க இங்க வந்துச்சு?"

"என்னாப்பா இப்புடிக் கேக்குற? தங்கவேலுதான் மழையோட மழையா ஓட்டியாந்து விட்டாரு. தொரைசாணிக்குச் சின்னக் காரு ஒன்னு வேணும்னு தொரை சொல்லிக்கிட்டே இருந்தாருல்ல. காரக் குடு, கடுதாசி தாறேன்னாரு."

"சும்மா குடுத்தாரா?"

"கடுதாசிக்குத்தான் குடுத்தாரு. அன்னைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனவன் நான்தான். ரெண்டு பேருக்கும் எழுதிக் குடுங்கய்யான்னு கெஞ்சுனாரு. ஒரு காருக்கு ஒரு கடுதாசின்னுட்டாரு தொரை. அந்தா, அந்தப் படியில கொஞ்ச நேரம் குந்தியிருந்தாரு. பொறகு எழும்பிப் போயி, என் பேரப் போடுங்கன்னாரு."

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. பெருமாள் கம்பைத் தூக்கி என் தோளைத் தொட்டார். "ஒனக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சுன்னு நெனச்சேனேப்பா. சொல்லலியா அவரு?"

துரைசாணி அதைத் தோட்டத்து ரோட்டுக்குள் மட்டும்தான் ஓட்டினாளாம், கேட்டுக்கு வெளியே எடுத்ததே இல்லையாம். எடுத்தால் டவுனில் எனக்குத் தெரிந்துவிடுமே. புத்தகத்தில் என் பெயரும் இருந்ததால் விற்கவும் முடியவில்லை. ஒரு வருடத்தில் அவர்கள் சீமைக்குப் போனபோது கராஜைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் ஒரு கொக்கோச் சாக்கைத் தரையில் விரித்தேன். லொறி டிரைவரின் டோர்ச்சை வாங்கிக்கொண்டேன். "என்னா அண்ணே, பாம்பு கெடக்கும்" என்று அவன் கத்தினான். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு ஒரு காருக்கு அடியில் போய்ப் படுத்தேன். கம்பிகள் துருவேறிச் சிவந்திருந்தன. கையை விட்டுத் தடவினேன். நான்கு சக்கரத்துக்கும் நான்கு ஸ்பிளிட் பின். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. அதற்கு மேல் செம்புக் கம்பி, பச்சை பிடித்துப்போய், இரண்டு சுற்று. ஒன்றுகூடக் கழலவில்லை மச்சான். ஒன்றுகூட.

அங்கேயே கிடந்து அழுதேன். அதிகாரி குனிந்து பார்த்து, அடிபட்டுவிட்டதா என்று கேட்டார். இல்லை மாத்தயா என்றேன்.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். கல் உருண்டு விழுந்தது என்று சொல்லியிருக்கக் கூடாதா? டயர் வெடித்தது, மாடு குறுக்கே வந்தது, தூங்கிவிட்டேன், எத்தனை இருக்கிறது! எல்லாவற்றையும் விட்டுவிட்டு என் கையில் கொண்டுவந்து ஏன் பழியைப் போட்டாய்? நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று தெரிந்துதானே? என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கார் போனது போகட்டும். பாக்கியம் அப்போது செல்வத்தை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். அந்தப் படியில் குந்தியிருந்தபோது நீ அதைத்தான் நினைத்திருப்பாய். கீழே இறங்கி வந்து, "மச்சான், ஒரு கடுதாசிதான் கிடைக்குமாம், காரைக் கேட்கிறார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாவியை நானே உன் கையில் வைத்திருப்பேனே. என் தங்கையின் பிள்ளைக்கு நான் தர மாட்டேனா? அப்போது நான் நாடில்லாதவனாக இருந்திருப்பேன், அவ்வளவுதான். கை உள்ளவனாக இருந்திருப்பேன். என்னைக் கேட்கக்கூட உனக்குத் தோன்றவில்லையே. மாட்டேன் என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தாயா? சின்ன வயதில் இருந்து என்னோடு பழகி நீ கண்டது அதுதானா?

ஆஸ்பத்திரியில் கடைசி நாள், என் வலது கையை உன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாய். விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஏதோ சொல்ல வாய் எடுத்தாய். நான் குனிந்தேன். "தண்ணி" என்றாய். ஊட்டினேன். அது தண்ணீர்தானா மச்சான்? இன்றைக்கும் தெரியவில்லை.

முந்தாநாள் பாக்கியத்தைப் பார்க்கப் போனேன். உன் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாய்வரை வந்தது. அதற்குள் அவளே தொடங்கிவிட்டாள்.

"அண்ணே, எழுதுறப்ப அந்தக் காரு விழுந்தத மட்டும் போட்டுறாதீங்க. ஊரு மறுபடியும் ஒங்க கையப் பத்தித்தான் பேசும். அவருக்கு அது புடிக்காது. சாகுற வரைக்கும் முத்தையாவக் குத்தம் சொல்லாதீங்கன்னுதான் சொல்லுவாரு. அப்புடி ஒரு மனுசன்."

"ஆமா தங்கச்சி" என்றேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. சரி, தெரியாமலே இருக்கட்டும், கப்பல் ஏறிப் போய்விடுவோம், அவளுக்கு நல்ல புருஷன் என்ற நினைப்பாவது மிஞ்சட்டும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. நான் நினைப்பது அச்சு அசலாக நீ நினைத்தது. அவளுக்கு இது தாங்காது, சொல்லாமல் விட்டால் நல்லது, அவளைக் கேட்க வேண்டியதில்லை. நீயும் அந்தப் படியில் இருந்து எழும்பும்போது இதைத்தானே சொல்லிக்கொண்டாய்? ஒரு குடும்பத்துக்கு ஒரு தங்கவேலு போதும் மச்சான். நான் அந்த வேலையைச் செய்ய மாட்டேன்.

அந்த ஸ்பிளிட் பின் எதையும் நான் கழற்றவில்லை. அதிகாரியிடம் கேட்டு, கார்களை இழுத்துக்கொண்டு போகும்வரை அந்தச் சின்னதைத் தொட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் பாக்கியத்தை இரத்தோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். மேலே ஏறி, அந்தக் கரண்டியைக் காட்டுவேன். சாக்கை விரித்து, டோர்ச்சை அவள் கையில் கொடுத்து, குனிந்து பார் என்பேன். நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கம்பியை அளவாக வெட்டித் தந்தவள் அவள். அவளுக்கே தெரியும்.

பிறகு இந்தத் தாளை அவளிடம் கொடுப்பேன். செல்வத்திடம் கொடுத்து அச்சடிப்பதா, அடுப்பில் போடுவதா என்பது அவள் விருப்பம். அவள் என்ன செய்தாலும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இந்த மாசியில் உனக்காகக் காவடி எடுக்கவும் மாட்டேன். அம்மன் என்னிடம் வாங்கியதே அதிகம்.

உனக்கு இன்னும் ஒரு வாக்குத் தருகிறேன், கேட்டுக்கொள். கப்பலில் இருந்து இறக்கி எந்த ஊரில் கொண்டுபோய் விட்டாலும் சரி, போன மறுநாளே அங்கே ஒரு கராஜைத் தேடிப் போவேன். என்ன வேலை தெரியும் என்று கேட்பார்கள். பிரேக் வேலை தெரியும் என்று சொல்வேன்.

இப்படிக்கு,
உன் பாக்கியத்தின் அண்ணன்,
அன்றைக்குப் பிரேக்கைச் சரியாகத்தான் பூட்டிய உன் மச்சான்,
முத்தையா